ஏழு இலைக் கிளை

"அண்ணே, அடியிலருந்து ஒரு கிளை தளதளன்னு கெளம்பிக்கினு வருது. வுட்டுடட்டா, எடுத்துடட்டா?"

வேலிக்கு அந்தப் பக்கம் ஸ்டீபன்ராஜ் கத்தரியோடு ரோஜாச் செடி முன்னால் குந்தியிருந்தான்.

இந்தப் பக்கம் நின்ற அமலதாஸின் கண் கிளைக்குப் போகவில்லை. மேல்கொம்பில் ஒற்றையாய் நிமிர்ந்து நின்ற மொட்டின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குள்ளாகவே சுண்டைக்காய் பருமன். பக்க மொட்டையெல்லாம் கிள்ளிவிட்டு ஒன்றை மட்டும் வைத்திருக்கிறான். யார் சொல்லிக்கொடுத்த வேலை அது?

ஒன்பது வருஷமாக செப்டம்பர் எட்டாம் தேதி மாதா திருவிழாவில், தேரில் மாதா கையில் இருந்தது அமலதாஸ் வீட்டுப் பூ. திண்டிவனம் மண்டியில் மூட்டை தூக்குகிறவனை அந்த ஒரு நாள் பங்குச் சாமியாரே பேர் சொல்லிக் கூப்பிடுவார்.

இந்த வருஷம் அவன் செடியில் பேன் விழுந்து மொட்டெல்லாம் சுருண்டு கருகிப்போச்சு.

ஸ்டீபன்ராஜ் போன தையில்தான் விழுப்புரத்திலிருந்து ஒட்டுச்செடி வாங்கி வந்தான்.

"என்னா மாமா, இந்த வருஷம் மாதாவுக்கு எங்க வூட்டுப் பூ போலக்கீதே." வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த டயானா, ஸ்டீபன்ராஜ் பெண்டாட்டி, சிரித்தாள்.

அமலதாஸும் சிரித்துவைத்தான்.

அப்புறம்தான் கிளையைப் பார்த்தான். ஒட்டுப்போட்ட இடத்துக்குக் கீழே, அடிவேரிலிருந்து கிளம்பியிருந்தது. காம்புக்கு ஏழு இலை; நல்ல ரோஜாவுக்கு ஐந்துதான். காட்டு ரோஜா. இருபது நாள் விட்டால் போதும், சத்தையெல்லாம் அதுவே குடித்துவிடும். மேலே மொட்டு வெம்பிப்போகும்.

"நல்லாத்தான வருது. வுடு," என்றான், குரலைத் தாழ்த்தி.

ஸ்டீபன்ராஜ் அவனை ஒரு நொடி பார்த்தான்.

"சரிண்ணே."

கத்தரியைக் கீழே வைத்தான். மண்ணை விரலால் விலக்கி, கிளையை அடியோடு பிடித்துப் பட்டையோடு பிய்த்து எடுத்தான். காட்டுக்கிளையை வெட்டினால் மறுபடி துளிர்க்கும், பிய்க்கத்தான் வேணும். அதையும் தெரிந்து வைத்திருந்தான்.

டயானா முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "ஏன்யா, நல்லா இருந்தத பிச்சிப் போட்ட?"

"அண்ணன்தான் எடுக்கச் சொன்னாரு," என்றான், நிமிராமல். "காட்டுக்கிளையாம்."

"நல்ல வேளை மாமா, நீங்க பாத்தீங்க. இந்தாளுக்கு இன்னா தெரியும்."

அமலதாஸ் தலையை ஆட்டினான்.

பூ போனால் போகட்டும் என்றுகூட இருந்துவிடலாம். ஆனால் காட்டிக்கொடுக்காமல் விட்ட இப்படி ஒரு மனசு அடுத்த வீட்டில் இருப்பதை இனி தினம் காலையில் பார்த்துக்கொண்டு கிடக்கணும்.