அழுதால் முதலிலிருந்து

சட்டக் கல்லூரியின் பயிற்சி அறையில் ஜெபசீலி மூன்று வருஷமாகப் பேசிப் பழகியதெல்லாம் கணினித் திரையில் செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய கட்சிக்காரர்களிடம்தான். அச்சு அசல் மனுஷர்களைப் போலவே இருப்பார்கள், தேம்பித் தேம்பி அழுவார்கள். அழுகையில் விவரம் குழம்பினால் “முதல்லேருந்து” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த முகம் சட்டென்று தெளிந்து, வணக்கம் சொல்வதிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். விசாரிக்கும் திறமைக்காக அவளுக்குப் பரிசுகூடக் கிடைத்திருந்தது.

இன்று இலவசச் சட்ட உதவி மையத்தில் அவளுக்கு முதல் நாள். எதிரே பேச்சியம்மாள், மகளைப் பறிகொடுத்தவள்.

“மாமியா வீட்டுல அடிக்காவம்மா, வந்து கூட்டிட்டுப் போன்னு போன்ல அழுதா தாயி. விடியட்டும், வாரேன்னேன். விடிஞ்சு போய்ப் பாத்தா...”

மேசையில் முகம் புதைத்து அழுதாள்.

குறிப்பெடுத்தபடியே, தலை நிமிராமல் ஜெபசீலி சொன்னாள்: “முதல்லேருந்து.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குமேல் என்ன சொல்வதென்று அவளுக்கு யாரும் பழக்கியிருக்கவில்லை.

பேச்சியம்மாள் அவசரமாக முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“கோவிச்சுக்கிடாத தாயி, இந்தத் தடவ அழாமச் சொல்லுதேன். எம் பேரு பேச்சியம்மா. எனக்கு ஒரே மவ...”