தப்புக்கு ஒரு கேக்

"கேக்கா சாப்பிட்டுச் சாப்பிட்டு எனக்குத் தொப்பையே வந்துடுச்சு, க்ரெஸ்தன். போதும். போடிலை இன்னிக்கே வேலையை விட்டு அனுப்பிடலாம்," என்றார் ப்ரெபென்.

டென்மார்க் முழுக்கக் கடை வைத்திருக்கும் ஒரு பெரிய மளிகை நிறுவனம். ஹெர்னிங் ஊரில் அதன் தலைமை ஆபீஸ். அங்கே கம்ப்யூட்டர் பிரிவுக்குச் சில மாதங்களுக்கு முன் புதுத் தலைவராக வந்தவர்தான் ப்ரெபென். க்ரெஸ்தன் தொழிற்சங்கப் பிரதிநிதி. யார் சீட்டைக் கிழிப்பதானாலும் அவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

"கேக் கொண்டு வந்தது ஒரு குத்தமாய்யா?"

"தப்பு பண்ணினவங்கதானே கேக் கொண்டு வரணும்? அதுதானே இங்கே வழக்கம்?"

வழக்கம் அதுதான். யார் கைபட்டு மெஷின் படுத்துக்கொண்டாலும், மறுநாள் காலை அந்த ஆள் ஒரு கேக்கோடு வர வேண்டும். "நான்தாம்ப்பா," என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லோரும் கிண்டல் பண்ணிக்கொண்டே ஒரு துண்டு சாப்பிடுவார்கள். அத்தோடு சரி, அப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள்.

கொஞ்ச காலமாகக் கேக் கொண்டு வருவது, பிரிவில் மெஷின்களைச் சரிபண்ணும் போடில் மட்டும்தான். அதுவும் வாராவாரம்! 'இந்தம்மா கை வச்சாலே மெஷின் செத்துடும்' என்று பிரிவே சிரித்தது. சிரித்துவிட்டு இரண்டாவது துண்டுக்கும் கை நீட்டியது.

"கிறிஸ்துமஸ் வாரத்துல நம்ம கடை அத்தனையும் அரை நாள் முடங்கிச்சே, ஞாபகம் இருக்கா? ஊரே சிரிச்சுது. அதுக்கும் கேக் இவங்களுதுதான். காரணமான ஆளை வெளியே அனுப்புன்னு மேலிடம் என் கழுத்துல உக்காந்திருக்கு," என்றார் ப்ரெபென்.

"கேக்கைக் காட்டி ஒருத்தர் வயித்துல அடிக்க முடியாது. அவங்களுக்கு ஐம்பத்தெட்டு வயசு. இனிமே எவன் வேலை கொடுப்பான்? ஆதாரம் காட்டு."

"காட்டறேன். அதுக்குத்தானே இதை வாங்கினேன்!"

ப்ரெபென் சுவரில் இருந்த பெரிய திரையைப் போட்டார். போன வாரம்தான் வந்திறங்கிய கண்காணிப்பு மென்பொருள்.

"முன்னே நெட்வொர்க்குக்கு ஒரு திரை, சர்வருக்கு ஒரு திரை. அவனைக் கேட்டா இவனைக் கை காட்டுவான், இவனைக் கேட்டா அவனை. இப்போ எல்லாம் ஒரே இடத்துல. எங்கே நின்னுச்சு, யார் கை வச்சதால நின்னுச்சு, பேரோட சொல்லிடும். இதுக்கு முகதாட்சண்யமே கிடையாது."

கதவைத் தட்டிவிட்டு போடில் உள்ளே வந்தார். கையில் கேக்!

"கூப்பிட்டீங்களாமே? நேத்து எஸ்பியர் கடையில பில் மெஷின் நின்னுபோச்சில்ல, அதுக்குத்தான் இது. மேலே தேங்காய்த் துருவல் போட்டிருக்கேன், சூடா இருக்கு."

ப்ரெபென் க்ரெஸ்தனைப் பார்த்து, 'பார்த்தியா' என்பதுபோல் புருவத்தைத் தூக்கினார். பெருமையாகத் திரையில் ஒரு தட்டுத் தட்டினார். நேற்று, எஸ்பியர் கடை. திரையில் பெயர் வந்தது.

எபே.

"எபேயா? சரி, விடு. போன வாரம் ஆல்போர் கடை?"

குத்ரூன்.

அதற்கு முந்தியது மறுபடியும் எபே. தட்டத் தட்டப் பிரிவில் இருந்த மற்றவர்கள் பெயரெல்லாம் வந்தன. போடில் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை.

"இதென்னய்யா கூத்து!" க்ரெஸ்தனுக்குக் கோபமே வந்துவிட்டது. "ஏம்மா போடில், ஊரான் தப்புக்கெல்லாம் நீங்க எதுக்குக் கேக் சுடறீங்க? பைத்தியமா உங்களுக்கு?"

"வேற என்ன பண்றது? ப்ரெபென் வந்ததும், யார் எத்தனை கேக் கொண்டு வராங்கன்னு கணக்கு வைக்க ஆரம்பிச்சாரு. அன்னியிலேருந்து ஒருத்தரும் வாயைத் திறக்கறதில்லை. எங்கே கை வச்சாங்கன்னு தெரிஞ்சாத்தானே நான் சரி பண்ண முடியும்? அதான், 'கேக்கை நான் பாத்துக்கறேன், விஷயத்தை மட்டும் எங்காதுல போட்டுடுங்க'ன்னு சொல்லி வச்சேன். வந்து சொல்றாங்க. உடனே சரியாயிடுது."

"சுத்தி நின்னு உங்களையே கிண்டல் பண்ணிக்கிட்டுத் தின்னாங்களேம்மா!"

"தின்னுட்டுப் போறாங்க. புள்ளைகுட்டிக்காரங்க, பயம் இருக்காதா?"

"அப்போ எபேயையும் குத்ரூனையும்தான் அனுப்பணும்!" என்று எகிறினார் ப்ரெபென்.

"இருய்யா. மேலிடம் கேட்டது கிறிஸ்துமஸ் ஆளை. அதைத் தட்டு."

ப்ரெபென் கை அப்படியே நின்றது.

"அது எப்படி... இதை வாங்கினதே போன வாரம்தானே?"

"பழைய பதிவையெல்லாம் இழுத்துப் போட்டிருக்குய்யா, இதோ பாரு, டிசம்பர். தட்டு!"

போடில் கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னார். "அந்த ஒண்ணுக்கு மட்டும் யாரும் எங்கிட்டே வந்து சொல்லலை. நானே தேடித் தேடிக் கண்டுபிடிச்சேன். அதான் அரை நாள் ஆயிடுச்சு."

"யாரும்மா அது?"

போடில் ஒரு தட்டை எடுத்தார்.

ப்ரெபென் சட்டென்று திரையை அணைத்தார். "யாரையும் அனுப்ப வேண்டாம். மேலிடத்துல நான் பேசிக்கறேன். மீட்டிங் முடிஞ்சுது."

"என்னய்யா, ஆதாரம் காட்டறேன்னு அந்தக் குதி குதிச்சே?"

போடில் முதல் துண்டைத் தட்டில் வைத்து ப்ரெபென் பக்கம் நகர்த்தினார்.

"சாப்பிடுங்க ப்ரெபென். கிறிஸ்துமஸுக்கு உங்க கேக்கையும் நான்தானே சுட்டேன்!"