அஞ்சே எபிசோடு

"நம்மாளுங்க எடுத்த சீரியல் ரீமேக்கைப் பாரு! எழுபதாவது வாரமும் கதாநாயகி அந்தத் துரோகிப் புருஷனுக்கு டீ ஊத்திட்டிருக்கா!" நெர்மின் ரிமோட்டைச் சோபாவில் எறிந்தாள். "இங்கிலாந்து ஒரிஜினல்ல அஞ்சே எபிசோடு. புருஷனை வெளிய தள்ளிட்டா. முடிஞ்சுது!"

"இங்கிலீஷ்காரிக்குக் கல்நெஞ்சு" என்றான் அவள் கணவன் துன்ஜாய். "நம்ம துருக்கிப் பொம்பளைங்க மன்னிச்சுக்கிட்டே இருப்பாங்க. அதான் கதை நூறு வாரம் ஓடுது." காலி கிளாஸை நீட்டினான். "டீ ஊத்து."

நெர்மின் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்தாள். மாடிப்படியில் அவனுடைய இரண்டு பெட்டிகள் தயாராக நின்றன. பெட்டிமேல், அவன் காரில் கிடந்த சிவப்பு ஸ்கார்ஃப். அது அவளுடையதல்ல.

"நெர்மின், நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"இது அஞ்சாவது ஸ்கார்ஃப், துன்ஜாய். நம்ம வீட்டுல ஓடினது ஒரிஜினல். கிளம்பு!"