துட்டன்காமுனின் அப்பா

ஸ்கந்தகுமார சாஸ்திரிகள் காலையிலிருந்து பிரவுசிங் சென்டரை விட்டு நகரவில்லை. கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்த உதயாவுக்குத் தலை சுற்றியது.

"எகிப்து ராஜா துட்டன்காமுனோட அப்பா பேரு இந்த சைட்ல அக்னாதென்னு போட்டுக்கீது, சாமி."

"முன்னாடி பாத்ததுல ஆமென்ஹோதேப்னு இருந்துதேம்மா?"

"ஆங். ஏதாவது ஒண்ண எழுதினு போங்க. உங்க பேரனோட டீச்சருக்கு மட்டும் என்னா தெரியப் போவுது?"

"அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா, மூணு பேரும் சரியா இருக்கணும்மா. நாளைக்கு அமாவாசை. தர்ப்பணத்துல பேர் தப்பினா எள்ளும் தண்ணியும் வேற யாருக்கோ போயிடும்."

உதயாவின் கை நின்றது. "எகிப்து ராஜாவோட அப்பாவுக்கு திருத்தணில யாரு சாமி தர்ப்பணம் பண்றது?"

வாசலில் ஆட்டோவில் உட்கார்ந்து கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்த சென்னைக்காரரைச் சாஸ்திரிகள் காட்டினார்.

"அவர்தான். போன ஜென்மத்துல துட்டன்காமுனா இருந்தாராம். ஜோசியர் சொல்லிட்டார்."

"அப்போ அப்பா பேர அவரையே கேக்கறதுதானே?"

"கேக்காம இருப்பேனா? சின்ன வயசுலயே பட்டம் கட்டிட்டாளாம். அப்பா மொகமே ஞாபகம் இல்லேங்கறார்."