தெற்கே இறங்கிய ஆறுகள்

“கிடைச்சிடுச்சு!” என்று ஹாலிலிருந்து கணவர் போட்ட கூச்சலில், மனைவி கையிலிருந்த கரண்டியோடு ஓடி வந்தாள்.

நிலவியல் ஆராய்ச்சியாளரான அவர், சுவரில் இரண்டு தாள்களைச் சேர்த்து ஒட்டியிருந்த ஆற்றுப் படுகை வரைபடத்தின் முன்னால் ஸ்கேலுடன் குதித்துக்கொண்டிருந்தார்.

“இந்தப் படுகைங்களைப் பாரு. ஒவ்வொண்ணும் முழு இலை மாதிரி இருக்கணும். ஆனா எல்லாமே நடுவுல ஒரே கோட்டுல வெட்டுப்பட்டு, வலது பாதி தெற்கே இறங்கியிருக்கு. அப்படீன்னா அங்கே பூமி பிளந்து நகர்ந்திருக்கு! படத்துல விரல் அகலம்னா, நிலத்துல அரை கிலோமீட்டர்!”

“ரெண்டு தாளையும் கோணலா ஒட்டியிருப்பீங்க.”

“நானா? மயிரிழை பிசகாம ஒட்டினேன். அன்னைக்கு நீயும்தானே பார்த்தே? இனிமே ஆபீஸ்ல எவன் என்னை நாற்காலி தேய்க்கிறவன்னு சொல்றான், பார்ப்போம்!”

அதே வேகத்தில் டைரக்டருக்குப் போன் போட்டு, மூச்சு விடாமல் விஷயத்தைக் கொட்டினார்.

“பிரமாதம்யா! இடத்தைச் சொல்லு, உடனே டீமை அனுப்பறேன்” என்றார் டைரக்டர்.

மனைவி இரண்டு தாள்களும் சேரும் கோட்டில் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினாள். படத்துக்குப் பின்னாலிருந்து சிமென்ட் பொலபொலவென்று உதிர்ந்தது.

“சுவர் விரிசல் விட்டு இறங்குது, ஆளைக் கூப்பிடுங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். அந்த விரிசலை மறைக்கத்தானே இந்தப் படத்தையே ஒட்டினீங்க?”

“ஹலோ! டீம் எங்கேய்யா வரணும்?” என்றார் போனில் டைரக்டர்.

“டீம் வேண்டாம் சார்” என்றார் கணவர், குரலைத் தாழ்த்தி. “தெரிஞ்ச கொத்தனார் யாராவது இருந்தா, எங்க வீட்டுக்கு அனுப்புங்க.”