மேஜைக்கு அடியில் பரீட்சகர்

முதல் முட்டையே பரீட்சகரின் ஷூ மேல் விழுந்து உடைந்தது.

"போச்சுடி!" என்றான் ஸ்க்ரூ. எந்நேரமும் வாயில் ஒரு ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டு திரிவதால் அவனுக்கு அந்தப் பெயர். கம்ப்யூட்டர் முன்னால் நின்ற மாணவியின் புராஜெக்ட் கூட்டாளி.

மெக்கட்ரானிக்ஸ் கடைசி வருஷப் புராஜெக்ட். முட்டையை உறிஞ்சித் தூக்கி, அலுங்காமல் அட்டைத் தட்டில் வைக்கிற இயந்திரக் கை. ஏற்கெனவே இரண்டு பேரும் இரண்டு தடவை ஃபெயில். இது மூன்றாவது, கடைசி வாய்ப்பு. இதிலும் கோட்டை விட்டால் பட்டம் கிடையாது. நாலு வருஷப் படிப்பும் தண்டம்.

வந்திருந்த வெளிப் பரீட்சகரோ லேசுப்பட்டவர் இல்லை. பட்டப்பெயரே 'கத்தரி'. மார்க் வெட்டுவதில் ஈவு இரக்கம் பார்க்காத மனுஷன்.

கத்தரி தன் ஷூவைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். குனிந்து, மெஷின் இருந்த மேஜையில் தரை வரை தொங்கிய விரிப்பை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஷூவைத் துடைக்கப் போகிறார் போலிருக்கிறது என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று. ஆள் வெளியே வருகிற வழியைக் காணோம்.

"சார்?" என்றார் துறைத்தலைவர், விரிப்பைப் பார்த்து.

"ம். அடுத்த முட்டையைத் தூக்கச் சொல்லும்மா," என்றது மேஜை.

"நீங்க வெளிய வந்ததும் ஓட்டறேன் சார்."

"நேரம் ஓடுதும்மா. இருபது நிமிஷம்தான். நடுவுல நிறுத்தினா பூஜ்யம்னு விதி இருக்கு, தெரியுமில்ல? ஓட்டு!"

அவள் கம்ப்யூட்டரைத் தட்டினாள். இயந்திரக் கை இறங்கியது. ரப்பர் கிண்ணம் முட்டை மேல் உட்கார்ந்தது, உறிஞ்சியது, தூக்கியது, திரும்பியது, தட்டில் பூப்போல வைத்தது.

அடடா! மாசக் கணக்கில் படுத்தி எடுத்த சனியன் இன்றைக்கு இத்தனை சமர்த்தாக வேலை செய்கிறது. பார்க்க வேண்டியவர்தான் மேஜைக்கு அடியில் இருக்கிறார்.

"முட்டை கொஞ்சம் பெரிசா வந்தா உன் மோட்டார் என்ன செய்யும்?" அடியிலிருந்து கேள்வி வந்தது.

அவள் குனிந்து விரிப்பிடம் பதில் சொன்னாள். துறைத்தலைவர் சும்மா நிற்பது மரியாதை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பதிலுக்குப் பதில் தலையாட்டினார்.

பியூன் டீ கொண்டுவந்து முழித்தார். "சாருக்கு எங்க வைக்கட்டும்?"

"கீழ குடுங்க," என்றார் துறைத்தலைவர்.

விரிப்புக்குள்ளிருந்து ஓர் இடது கை நீண்டது. கிளாஸை வாங்கிக்கொண்டு போனது. காலியானதும் திருப்பிக் கொடுத்தது.

"தூங்கறாரோ?" என்று கிசுகிசுத்தான் ஸ்க்ரூ.

"கேள்வி கேக்கறாரேடா!"

"அதெல்லாம் அனுபவசாலிங்க தூக்கத்துலயே கேப்பாங்க."

ஏழாவது முட்டை போய் உட்கார்ந்தது. எட்டாவதும் உட்கார்ந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை.

"சார், ஒரே ஒரு தடவை மேல வந்து பாருங்க சார். எவ்வளவு அழகா வைக்குது!"

"எனக்கு இங்கயே நல்லாத் தெரியுது. நீ ஓட்டு."

என்ன அநியாயம் இது! மேஜைக்கு அடியில் என்ன தெரியும்? தூசியும் பம்ப்பும் டியூபும்தான் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு பதினோரு முட்டையையும் வைத்து முடித்தாள்.

இருபது நிமிஷம் முடிந்தது. கத்தரி தவழ்ந்து வெளியே வந்தார். தலையெல்லாம் ஒட்டடை. நிமிர்ந்து நின்று, வலது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். இடது கையால் கோணல்மாணலாக மார்க் தாளை நிரப்பினார்.

அவ்வளவுதான், அவள் வெடித்துவிட்டாள்.

"பார்க்காமலே மார்க் போடறீங்களே சார்! எங்க நாலு வருஷம் உங்களுக்கு விளையாட்டாப் போச்சா?"

"ஏம்மா, வாயை அடக்கு!" துறைத்தலைவர் பதறினார். பிறகு பரீட்சகரிடம் குழைந்தார். "சார், சின்னப் பொண்ணு. ஒரு தடவை நேர்ல பார்த்துடுங்களேன். எல்லாம் நம்ம லேப் குடுத்த சாமான், பிரமாதமா ஓடும்."

"வேணாம்மா, தொடாதே!" என்று கத்தரி கத்துவதற்குள் அவள் தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்து வைத்துக் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டாள்.

இயந்திரக் கை முட்டையைத் தூக்கியது. பாதி வழியில் புஸ்ஸென்றது. முட்டை நேராகத் துறைத்தலைவரின் ஷூ மேல் விழுந்தது.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டாளே!

கத்தரி மார்க் தாளை அவளிடம் நீட்டினார். நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு.

"மோட்டார் கேள்விக்குக் கொஞ்சம் உளறினே. அதுக்கு ஆறு வெட்டிட்டேன்."

"சார்... ஆனா... முட்டை இப்ப உடைஞ்சுதே சார்?"

அவர் பாக்கெட்டிலிருந்து வலது கையை எடுத்துத் துறைத்தலைவரின் முகத்துக்கு நேரே நீட்டினார். கட்டை விரல் கன்றிச் சிவந்து, உருண்டையாக வீங்கியிருந்தது.

"பசங்க மெஷின்ல ஒரு குறையும் இல்ல சார். நீங்க குடுத்த டியூப்லதான் ஓட்டை. இருபது நிமிஷமா நான்தான் அடைச்சுப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். தயவுபண்ணிப் புது டியூப் வாங்கிப் போடுங்க. மத்தியானம் இன்னொரு காலேஜ்ல மூணு மெஷின் பார்க்கணும், எனக்கு இருக்கிறது ரெண்டே ரெண்டு கட்டை விரல்!"