வாசலுக்கு வராத கார்

சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனுக்கு இரண்டு தெரு முன்பே மனோகர் புதுக் காரை நிறுத்திவிட்டான்.

“வீடு இன்னும் உள்ளே இருக்கே,” என்றாள் பவ்யா. மாமியார் வீட்டுக்கு அவர்கள் காரில் வருவது இதுவே முதல் தடவை.

“நடந்துக்கலாம்.” அவன் நெற்றியெல்லாம் வியர்வை.

“பெங்களூர்ல எல்லாருக்கும் காட்டினீங்க. மேனேஜர் ஆனதும், தகரம் போட்ட வீட்டு முன்னாடி நிறுத்த வெக்கமா இருக்கா?”

“மெதுவா பேசு. கதவ அடிச்சுச் சாத்தாத. கார்ல வந்தோம்னு அம்மாகிட்ட சொல்லிடாத.”

“ஏன்? அதையாவது சொல்லுங்க.”

மனோகர் நடப்பதை நிறுத்தினான்.

“நான் மூணாவது படிக்கும்போது எங்க வாசல்ல மைன்ஸ் ஜீப் வந்து நின்னுச்சு. அப்பா ஷிப்ட் அப்ப முடியல. ஷிப்ட் நடுவுல ஜீப் வந்தா, கீழ போன ஆளு உசுரோட இல்லன்னு லைன்ல எல்லாருக்கும் தெரியும். எவ்ளோ தட்டியும் அம்மா கதவத் தொறக்கவே இல்ல. இன்னிக்கும் வாசல்ல கார் நின்னா, உள்ள தாப்பா போட்டுக்கினு ஒக்காந்துடும்.”

பவ்யா அவனுக்கு முன்னால் வீட்டை நோக்கி நடந்தாள்.

கதவு திறந்தே இருந்தது. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டே அவன் அம்மா வெங்கடம்மா வெளியே வந்தாள்.

“வாங்க, வாங்க. எதுலப்பா வந்தீங்க?”

மனோகர் தடுமாறினான். அவன் கையிலிருந்த கார் சாவியை மெல்ல உருவித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள் பவ்யா.

“ரயில்லதான் அத்தே. ஒரே கூட்டம். நின்னுக்கினே வந்தோம்.”